களிமண் தட்டு சுடுதல், நாட்டுக்கு நாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கி என்றதும் நமக்கு போலீஸ், ராணுவம், சினிமா வில்லன், இல்லாவிட்டால் காட்டுப்பன்றி விரட்டும் தோட்டக்காரர்தான் நினைவுக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வானத்தில் பறக்கும் தட்டுகளைச் சுட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவது ஒரு பொழுதுபோக்கு என்றால் ஊரில் பலர் நம்புவதே இல்லை. நான் இங்கிலாந்தில் இதைக் கற்றுக்கொண்டவன், அதனால் பதில்களில் அந்தப் பக்கச் சாய்வு கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

எதைச் சுடுகிறார்கள்? எப்படி?

உள்ளங்கை அளவுத் தட்டு. ஒலிம்பிக்கில் 110 மில்லிமீட்டர் விட்டம், 105 கிராம் எடை. களிமண் என்று பெயரே தவிர, சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் கலந்து அச்சில் வார்த்தது. இயந்திரம் அதை வீசி எறியும், நீங்கள் ஷாட்கன்னால் உடைக்க வேண்டும். ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு கிடையாது, முந்நூறுக்கு மேல் பொடி ரவைகள் இருக்கும், அவை விரிந்துகொண்டே போவதால்தான் பறப்பதை அடிக்க முடிகிறது.

மூன்று பெரிய வகை. ட்ராப்பில் தட்டு உங்களை விட்டு விலகி ஓடும். ஸ்கீட்டில் இரண்டு பக்கமும் தட்டு வீசும் கூண்டு, தட்டுகள் குறுக்கே போகும், நீங்கள் அரைவட்டத்தில் இடம் மாறி மாறிச் சுட வேண்டும். ஸ்போர்ட்டிங் என்பது மேடு பள்ளம், மரம் செடி நடுவே ஒவ்வோர் இடமாக நடந்து போய்ச் சுடுவது. ஒரு தட்டு முயல் மாதிரி தரையில் உருளும், இன்னொன்று தலைக்கு மேல் உயரத்தில் போகும், 60 மில்லிமீட்டர் சின்னத் தட்டுகூட உண்டு. எந்த நாட்டில் எது ஓங்கி நிற்கிறது என்பதைப் பார்த்தாலே அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

தட்டுக்கு முன்னால் என்ன இருந்தது?

உயிருள்ள புறா. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் புறாவைக் குழிக்குள் வைத்து மேலே பழைய தொப்பியைக் கவிழ்த்து, கயிற்றை இழுத்துத் தொப்பியை எடுத்ததும் பறக்கும் புறாவைச் சுட்டார்கள். லண்டனில் இன்று மிகப் பெரிய மனிதர்களின் கிளப்பாக இருக்கும் ஹர்லிங்ஹாம் தொடங்கியதே புறா சுடுவதற்காகத்தான், அதன் சின்னத்தில் இப்போதும் புறா இருக்கிறது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் உயிர்ப் புறாவைச் சுட்டார்கள், பெல்ஜியத்தின் லியோன் டி லுண்டன் 21 புறாக்களோடு ஜெயித்தார். பிரிட்டன் 1921இல் சட்டம் போட்டு, பிடித்துவைத்த பறவையை விட்டுச் சுடுவதைத் தடுத்துவிட்டது. அமெரிக்காவில் அது இன்னும் பல காலம் நீடித்தது, பென்சில்வேனியாவில் ஹெகின்ஸ் என்ற ஊரில் ஆண்டுதோறும் நடந்த புறாச் சுடும் விழா 1999இல்தான் நின்றது.

நடுவில் கண்ணாடிப் பந்துகள் வந்தன. பிறகு 1880இல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகவ்ஸ்கி தட்டு வடிவத்தைக் கொண்டுவந்தார். அவர் செய்தவை நிஜமாகவே சுட்ட களிமண்தான், ஆனால் ரவை பட்டாலும் உடையாத அளவுக்குக் கெட்டியாக இருந்ததால் கீல் கலவைக்கு மாறினார்கள்.

இங்கிலாந்தில் துப்பாக்கிச் சட்டம் கடுமை என்கிறார்கள். அப்புறம் எப்படி யார் வேண்டுமானாலும் போய்ச் சுடுகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கடுமை என்பது உண்மைதான். 1996இல் டன்பிளேன் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு கைத்துப்பாக்கி ஏறக்குறைய முழுக்கத் தடையாகிவிட்டது. ஆனால் ஷாட்கன்னை அவர்கள் எப்போதுமே வேறு கணக்கில் வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது, அது கிராமத்துச் சாமான். காக்கை விரட்ட, முயல் பிடிக்க, பெரிய பண்ணைகளில் ஃபெசன்ட் என்ற பறவையை வேட்டையாட என்று பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஒன்று. ரைஃபிள் வேண்டும் என்றால் ஏன் வேண்டும் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஷாட்கன் சான்றிதழை மறுக்க வேண்டும் என்றால் போலீஸ்தான் காரணம் காட்ட வேண்டும்.

சான்றிதழ் ஐந்து ஆண்டுக்கு. போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டியைப் பார்ப்பார், உங்கள் டாக்டரிடமும் விசாரிப்பார்கள். 2021இல் பிளிமத்தில் சான்றிதழ் வைத்திருந்த ஒருவன் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு இந்த விசாரணை இறுகிவிட்டது, இறுகியது நல்லதுதான்.

இன்னொரு வழியும் உண்டு. 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு, போலீஸ் அனுமதித்த இடத்தில், அனுமதித்த நேரத்தில் சான்றிதழே இல்லாதவர்கூடக் களிமண் தட்டு சுடலாம் என்கிறது (குற்றத்துக்காகச் சிறை போய் வந்தவர்களுக்குப் பொருந்தாது). அலுவலகச் சுற்றுலா, பிறந்தநாள், கல்யாணத்துக்கு முந்தின நண்பர்கள் கூட்டம், தேவாலயக் கூரைக்கு நிதி திரட்டல் என்று எல்லாவற்றிலும் துப்பாக்கி வருவது இந்த ஒரு வரியால்தான். சட்டத்தின் கடுமையைவிட, புதியவன் உள்ளே நுழைய எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதுதான் ஒரு நாட்டில் இந்த விளையாட்டு எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று நான் நினைப்பதற்கு முதல் சாட்சி இங்கிலாந்துதான்.

அமெரிக்காவிலும் அதேபோலத்தானே?

தட்டு ஒன்றுதான், மனநிலை வேறு. அமெரிக்கர்கள் எண்ணிக்கைப் பிரியர்கள். அவர்களுடைய ட்ராப்பில் இயந்திரம் ஒன்றே ஒன்று, தட்டு சுமார் 46 மீட்டர் தூரம் போகும் வேகத்தில்தான் வரும், ஒரு தட்டுக்கு ஒரு தோட்டா. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் பரிசைப் பற்றிப் பேசவே முடியும் என்பதால், இது கையைவிட மனத்துக்குத்தான் சோதனை. நன்றாகச் சுடுகிறவரைப் பின்னால் தள்ளி, 27 கஜம் வரை நிறுத்தி, புதியவரோடு சமமாக மோதவிடும் ஹேண்டிகேப் முறையும் உண்டு. ஒலிம்பிக் ட்ராப்பில் தட்டு 76 மீட்டர் போகும், பள்ளத்துக்குள் 15 இயந்திரங்கள், எதிலிருந்து வரும் என்று தெரியாது, அதனால் இரண்டு தோட்டா தருகிறார்கள். இங்கிலாந்தின் டவுன் தி லைன் என்ற வகை நடுவில் நிற்கிறது: முதல் தோட்டாவில் உடைத்தால் 3 புள்ளி, இரண்டாவதில் உடைத்தால் 2. இரண்டாம் வாய்ப்புக்கும் மரியாதை உண்டு, ஆனால் கொஞ்சம் குறைவாக!

பெருவிழாவைப் பார்க்க வேண்டும் என்றால் இலினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டாவில் ஆகஸ்டில் நடக்கும் கிராண்ட் அமெரிக்கன். 2006இல் ஒஹாயோவின் வண்டேலியாவிலிருந்து அங்கே மாறியது. ஒரே வரிசையில் 120 ட்ராப் மைதானங்கள், வரிசையின் நீளம் மட்டும் 5 கிலோமீட்டருக்கு மேல். ஜனங்கள் வீட்டு வண்டியோடு வந்து அங்கேயே தங்கிவிடுகிறார்கள். தாத்தா, மகள், பேரன் ஒரே அணியில் சுடுவது அங்கே சாதாரணம், நம்மூர் கோயில் திருவிழாவில் நாலு தலைமுறை ஒரே பந்தியில் உட்காருவது மாதிரி.

ஸ்கீட்டே அவர்கள் கண்டுபிடித்ததுதான். 1920 வாக்கில் மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் சார்லஸ் டேவிஸ் என்பவர் கிரவுஸ் என்ற காட்டுப் பறவை வேட்டைக்குப் பயிற்சியாக முழு வட்டத்தில் நின்று சுடும் முறையை வகுத்தார். பக்கத்து நிலத்தில் கோழிப் பண்ணை வந்ததும் பாதி வட்டத்தோடு நிறுத்த வேண்டியதாயிற்று. இன்றைய ஒலிம்பிக் மைதானமும் அரைவட்டமாக இருப்பதற்கு அந்தக் கோழிகள்தான் பொறுப்பு. முதன்முறை 25க்கு 25 உடைத்தவரின் தொப்பியைப் பிடுங்கி மேலே எறிந்து எல்லோரும் சுட்டுக் கந்தலாக்குகிற வழக்கமும் அங்கே உண்டு.

அங்கே பள்ளியிலேயே துப்பாக்கி சுடுகிறார்களாமே?

ஆமாம், அதைக் கேட்டதும் வேறு செய்திகள் நினைவுக்கு வருவதும் இயல்புதான். மினசோட்டாவில் 2001இல் தொடங்கிய பள்ளி ட்ராப் லீக்கில் இப்போது 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சுடுகிறார்கள். பாதுகாப்பு வகுப்பு முடித்துச் சான்று வாங்காமல் சேர முடியாது. ஆண் பெண் ஒரே அணி, பெஞ்சில் உட்கார வைக்கும் வழக்கமே இல்லை, சேர்ந்தவர் எல்லோரும் சுடுவார்கள். கால்பந்துக்கு உடம்பு ஒத்துவராத பிள்ளைக்கும் பள்ளிச் சட்டை போட்டு நிற்க இது ஓர் இடம். துப்பாக்கி பள்ளிக்குள் வராது, ரேஞ்சில்தான், அதாவது சுடும் மைதானத்தில்தான் எல்லாம். இதே நாட்டில் பள்ளிக்குள் நடப்பதையும் படித்துக்கொண்டு இதையும் பார்ப்பது எனக்கு இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பிள்ளைகள் துப்பாக்கி காலி என்று தெரியும்படி குழாயைத் திறந்துவைத்து நடக்கும் ஒழுங்கை நான் குறை சொல்ல முடியாது.

எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போகலாமா?

பலருக்குத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். குடியேற்றமல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர், அதாவது எச்1பி, மாணவர், சுற்றுலா விசா எல்லாமே, துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் தடை போடுகிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் வந்துவிடும். விதிவிலக்குகளில் நமக்குப் பயன்படுவது, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். வேட்டைக்கே போகாத எத்தனையோ நம்மாட்கள் இதற்காகவே வேட்டை உரிமம் வாங்கி வைத்திருக்கிறார்கள். கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் இந்தத் தடை இல்லை. நண்பன் சொன்னான் என்று போகாதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இத்தாலிக்காரர்கள் ஏன் எப்போதும் ஜெயிக்கிறார்கள்?

துப்பாக்கி செய்யும் ஊரும் சுடும் ஊரும் பக்கத்துப் பக்கத்தில். பிரெஷா மாவட்டத்தின் வால் ட்ரோம்பியா பள்ளத்தாக்கில் இரும்பும் தண்ணீரும் இருந்தன. 1526இல் பெரெட்டா குடும்பம் வெனிஸ் ஆயுதச்சாலைக்கு 185 துப்பாக்கிக் குழாய் விற்ற ரசீது இன்னும் இருக்கிறது. அதே மாவட்டத்தில்தான் பெராட்ஸி என்ற துப்பாக்கிக் கம்பெனியும். 1964 டோக்கியோவில் ட்ராப் தங்கம் வென்ற என்னியோ மத்தரெல்லியின் துப்பாக்கி அவர்கள் செய்தது. கை நீளம், கன்ன உயரம் எல்லாம் அளந்து துப்பாக்கியின் மரக்கட்டையைச் செதுக்குவார்கள், தையற்காரரிடம் சட்டை தைக்கக் கொடுப்பது போலத்தான், விலை மட்டும் கார் விலை. கார்டா ஏரிக்குப் பக்கத்தில் லொனாட்டோவில் இருக்கும் ரேஞ்சில் உலகக் கோப்பைகள் அடிக்கடி நடக்கும்.

இங்கிலாந்தில் மழைக்கோட்டும் சேறும் என்றால் இத்தாலியில் கண்ணாடி, பொருத்தமான வெஸ்ட் என்று எல்லாம் பளபளப்பு. சுடுவதும் ஸ்போர்ட்டிங்கைவிட ஒலிம்பிக் ட்ராப்தான் அதிகம். நடுவில் இருக்கும் குட்டி நாடு சான் மரினோவுக்கும் அந்தக் காற்று அடித்திருக்கிறது. சுமார் 34,000 பேர் இருக்கும் அந்த நாடு 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வாங்கிய, அதன் முதல் ஒலிம்பிக் பதக்கம் அலெஸ்ஸாண்ட்ரா பெரில்லியின் ட்ராப் வெண்கலம். இரண்டு நாள் கழித்துக் கலப்பு அணியில் வெள்ளியும் வாங்கினார்.

ஜப்பானில் துப்பாக்கியே இல்லை என்கிறார்களே?

இருக்கிறது. களிமண் தட்டுச் சுடும் ரேஞ்சுகளும் இருக்கின்றன. முன்னாள் பிரதமர் தாரோ ஆசோ 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்கீட் சுட்டவர்! ஆனால் வாசல் ரொம்பச் சின்னது. வகுப்பு, எழுத்துத் தேர்வு, ரேஞ்சில் சுட்டுக் காட்டும் தேர்வு, மனநலம் பற்றி டாக்டர் சான்று, குடும்பம் அக்கம்பக்கம் என்று போலீஸ் விசாரணை. எல்லாம் முடிந்து துப்பாக்கி வந்தாலும் தோட்டாவைத் தனியாகப் பூட்ட வேண்டும், எத்தனை சுட்டோம் என்று கணக்கு எழுத வேண்டும், ஆண்டுக்கொரு முறை துப்பாக்கியைப் போலீஸிடம் காட்ட வேண்டும். ரைஃபிள் வேண்டுமா? பத்து ஆண்டு ஷாட்கன் வைத்திருந்த பிறகு பேசலாம். "சும்மா ஒரு நாள் வந்து பார்" என்று நண்பனைக் கூப்பிட முடியாத நாட்டில் ஒரு விளையாட்டு எப்படிப் பரவும்?

ஆஸ்திரேலியா?

1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு சட்டம் தலைகீழாக மாறியது. அரைத் தானியங்கி ஷாட்கன்களும், கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் வகைகளும் பெரும்பாலானோர் கையிலிருந்து போய்விட்டன, இரட்டைக்குழல் தங்கிவிட்டது. துப்பாக்கி வைக்க உண்மையான காரணம் வேண்டும், கிளப் உறுப்பினராக இருந்து தொடர்ந்து சுடுவது அப்படி ஒரு காரணம். அதனால் அங்கே கிளப்தான் எல்லாம். அதே 1996இல் அட்லாண்டாவிலும் பிறகு சிட்னியிலும் மைக்கேல் டயமண்ட் ட்ராப்பில் தங்கம் வென்றார். சட்டம் இறுகினால் விளையாட்டு செத்துவிடும் என்பவர்களிடம் நான் காட்டுவது இந்த நாட்டைத்தான்.

வளைகுடாவில் ஷேக்குகள் மட்டும்தான் சுடுகிறார்களா?

உச்சியில் அப்படித்தான் தெரியும். ஐக்கிய அரபு அமீரகத்தின் முதல் ஒலிம்பிக் தங்கம் 2004இல் துபாய் அரச குடும்பத்தின் அகமது அல் மக்தூம் டபுள் ட்ராப்பில் (ஒரே நேரத்தில் இரண்டு தட்டு வரும் வகை) வாங்கியது. நம் ராஜ்யவர்தன் சிங் ராத்தோருக்கு வெள்ளி கிடைத்த அதே போட்டி. கத்தாரின் நாசர் அல் அத்தியா டக்கார் கார் பந்தயத்தையும் ஜெயித்தார், 2012இல் ஸ்கீட் வெண்கலமும் வாங்கினார். பால்கன் வளர்ப்பும் பாலைவன வேட்டையும் ஊறிய இடம், அரசே பணம் போடுகிறது, அதனால் ரேஞ்சுகள் அரண்மனை மாதிரி இருக்கும்.

ஆனால் எனக்குப் பிடித்தவர் குவைத்தின் அப்துல்லா அல் ரஷீதி. 2016 ரியோ ஒலிம்பிக்கின்போது குவைத் தடை செய்யப்பட்டிருந்ததால் நாட்டுச் சட்டை போட முடியாது. மனுஷன் ஆர்சனல் கால்பந்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஸ்கீட் வெண்கலம் வாங்கினார். டோக்கியோவில் 57 வயதுக்கு மேல் இன்னொரு வெண்கலம். அல் ஐன் மாதிரி ஊர்களில் வெளிநாட்டவரும் பணம் கட்டிப் பயிற்சியாளரோடு சுடலாம், அங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் அடையாள அட்டையோடு போய்க் கேட்டுப் பாருங்கள்.

பெண்கள் நிறையப் பேர் சுடுகிறார்களா?

கூடிக்கொண்டே வருகிறார்கள். 1992 பார்சிலோனாவில் ஸ்கீட் ஆண் பெண் கலந்த போட்டி. சீனாவின் ஜாங் ஷான் எல்லா ஆண்களையும் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியை ஆண்களுக்கு மட்டும் ஆக்கிவிட்டார்கள், பெண்களுக்குத் தனி ஸ்கீட் 2000இல்தான் வந்தது. அந்த முடிவு ஜாங் வெல்வதற்கு முன்பே எடுத்தது என்று விளக்கம் சொல்வார்கள், இருக்கட்டும். அமெரிக்காவின் கிம் ரோட் 1996 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்.

இந்தியாவில் ஏன் இது பரவவில்லை? தமிழ்நாட்டில் யாராவது இருக்கிறார்களா?

1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை போய்விட்டது. மற்ற நாடுகளில் வேட்டைக்காரன் சீசன் இல்லாத மாதங்களில் கை பழக்கத்துக்குத் தட்டு சுடுவான், கூட்டம் அங்கிருந்துதான் வருகிறது. நமக்கு அந்த ஊற்றே இல்லை (இல்லாமல் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை). மீதி இருந்தது ராஜ குடும்பங்களும் ராணுவமும். பிகானிர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர், 1962 உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர், டெல்லி ரேஞ்சுக்கு அவர் பெயர்தான். ராத்தோர் ராணுவத்திலிருந்து வந்தவர். தமிழ்நாட்டில் பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பம், பாரிஸ் 2024இல் ட்ராப் சுட்டார்.

இடமும் காசும் இன்னொரு தடை. காற்றுத்துப்பாக்கிக்கு 10 மீட்டர் அறை போதும், அதனால்தான் மாடி அறையில் பழகி ஒலிம்பிக் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தட்டு சுட முன்னால் முந்நூறு மீட்டர் வெற்று நிலம் வேண்டும், ஒரு சுற்றுக்கு 25 தட்டு, ஒலிம்பிக் ட்ராப் என்றால் 50 தோட்டா வரை. பாரிஸில் மகேஸ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நரூக்காவும் ஸ்கீட் கலப்பு அணியில் ஒரே ஒரு தட்டில் வெண்கலத்தை விட்டார்கள், 43க்கு 44. திறமை இருக்கிறது. ஆர்வமுள்ளவர் மாநில ரைஃபிள் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

இவ்வளவு ஈயம் மண்ணில் விழுகிறதே?

நியாயமான கவலை. நெதர்லாந்தும் டென்மார்க்கும் 1990களிலேயே ஈய ரவையைத் தடுத்துவிட்டன, ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் ஈரநிலங்களில் தடுத்திருக்கிறது. எஃகு ரவைக்கு மாறினால் பழைய குழாய்கள் சில தாங்காது என்று முணுமுணுப்பவர்கள் எல்லா கிளப்பிலும் உண்டு, நான் மாறுவது நல்லது என்கிற பக்கம்.

இங்கிலாந்துக்குச் சுற்றுலா வருகிறேன், ஒரு முறை சுட்டுப் பார்க்க ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

முன்கூட்டி பயிற்சியாளரோடு பதிவு செய்யுங்கள், துப்பாக்கி அவர்களே தருவார்கள். காதுக்கும் கண்ணுக்கும் மூடி கட்டாயம். சுடாத நேரத்தில் குழாயை மடித்துத் திறந்தே வைத்திருங்கள், காலி என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், இதில் மட்டும் இங்கிலாந்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே மன்னிக்க மாட்டார்கள். கட்டையைத் தோள் பள்ளத்தில் இறுக்கி வைத்தால் வலி குறைவு, பயந்து தளர்த்தினால்தான் உதைக்கும். தட்டையே குறிவைத்துச் சுடாமல், அது போகும் திசையில் கொஞ்சம் முன்னால் சுடுங்கள். அப்புறம் முக்கியமாக, நினைவுக்கு என்று வெற்றுத் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள், விமான நிலையச் சோதனையில் அது சிக்கினால் அன்றைய விமானம் போய்விடும்.